'வருந்துகிறோம்' என்று எழுதியதால் வந்த வினை

2007 செப்டெம்பர் 20, வியாழக்கிழமை, காலை 9.40. கச்சான் என்ற வறண்ட மேல்காற்று ஓர்ஸ் ஹில் ரோட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் அலுவலக யன்னலில் கொட்டிக்கொண்டிருந்தது. மழையைக் கண்டு கன நாள். அந்த நேரத்தில்தான், உயிரோடு இருக்கிற ஒரு மனிதரை எங்கள் சங்கத்தின் இணையத்தளத்தில் 'அமரர்' ஆக்கினோம். நேரத்தை நான் கற்பனையில் எழுதவில்லை. அறிவித்தல் ஏறிய நேரத்தை இணையத்தளமே அடியில் காட்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் ஒரு பிழை நடந்தது. பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைக்கு வாழ்த்துப் போடப்போய், சித்தியடையாத இன்னொரு பிள்ளையின் பெயரைப் போட்டுவிட்டார்கள். பிறகு ஒரு திருத்தம்: 'எவரது மனமாவது புண்பட்டிருப்பின் வருந்துகிறோம்.' நாலு சொல். நாலும் பிழை. அன்று பின்னேரம், முன்பு நான் இருந்த கதிரையில் இப்போது இருக்கிற பிள்ளை தொலைபேசி எடுத்தது.

"ஐயா, மன்னிப்புக் கேட்டும் சனம் ஏசுது. இதில என்ன பிழை?"

தொலைபேசியில் சொல்ல ஏலாது, எழுதித் தாறன் என்றேன். அன்றிலிருந்து நித்திரை குறைவு. எழுத உட்காரும்போதெல்லாம் எரிவாயு அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் எழும்பிப் பார்க்கிறேன். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் சங்கம் சேமிப்பு, நலன்புரிச் சங்கம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் மீனவர்களும் கமக்காரர்களும் கந்தோர்களில் எழுத்துவேலை பார்த்தவர்களும் அங்கத்தவர்கள். நான் எழுதுவினைஞராகச் சேர்ந்து, தொடர்பு அலுவலராக ஓய்வு பெற்றேன். முப்பத்தொரு வருடம். அதில் பாதியும், அங்கத்தவர் இறந்தால் உதவித்தொகையைக் கொண்டுபோய்க் குடும்பத்திடம் கொடுக்கிற வேலைதான். மரண வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. புறப்படும்போது 'போயிட்டு வாறன்' என்று சொல்வதில்லை. பேசாமல் எழும்பி நடப்பது. நூற்றுக்கணக்கான வீடுகளில் அப்படி நடந்து நடந்து, அது என் உடம்பிலேயே ஊறிவிட்டது.

அந்த வருடங்களில் எங்கள் பொதுச் செயலாளர் திருமதி அருளானந்தம். பாடசாலை உப அதிபராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். குரல் உயர்த்த மாட்டார். வாசல் காவலாளியைக்கூட 'நீங்கள்' என்றுதான் சொல்வார். சங்கத்திலிருந்து வெளியே போகிற எந்தக் கடிதத்தையும் அவர் வாசிக்கிற விதம் ஒன்று உண்டு. தாளை மேசையில் வைப்பார். அதன்மேல் கோடு போடுகிற அலுமினிய அடிமட்டம் ஒன்றை வைத்து, முதல் வரியை மட்டும் தெரிய விடுவார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்பார்: "கோவத்தில இருக்கிற ஆள் இந்த வரியோட நிப்பாட்டினால் என்ன நினைப்பார், சிவபாலன்?" நான் பதில் சொன்ன பிறகுதான் அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்கும். 'ஆனால்', 'எனினும்', 'தவிர்க்கமுடியாத காரணங்களால்' எல்லாம் அந்த அடிமட்டத்தடியில் செத்தவை. பத்து வரிக் கடிதத்துக்கு அரை மணித்தியாலம் போகும். எனக்குக் கால் உளையும். இருக்கச் சொல்வார்; அவர் நிற்கும்போது எனக்கு இருக்க வராது.

இணையத்தளம் ஓர் அங்கத்தவரின் மகன் வெளிநாட்டிலிருந்து செய்து தந்தது. கனடா, நோர்வே, சுவிஸ் என்று போயிருந்த எங்கள் சனம் அதில் முதலில் பார்ப்பது மரண அறிவித்தலைத்தான். சண்டைக் காலம். ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் ஒரு நாள் கிடைக்கும், மூன்று நாள் கிடைக்காது. இணையத்தில் கண்டால் அதுதான் அவர்களுக்குச் செய்தி.

பிழை நடந்த விதம் இதுதான். புதன்கிழமை, ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் அங்கத்தவர் கனகசபை நடராசா காலமானார். சல்லி என்ற கரையோர ஊரில் கந்தையா நடராசா என்று இன்னோர் அங்கத்தவர், மீனவர், நல்ல சுகத்தோடு இருந்தார். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் ஓர் எழுத்துத்தான். கணினியில் இரண்டு பேரும் 'க. நடராசா'. வியாழன் காலை, தட்டச்சு செய்கிற ஜெயந்தி சல்லிக்காரரின் படத்தை எடுத்து, கறுப்புக் கரை போட்டு, 'அமரர் க. நடராசா' என்று ஏற்றிவிட்டாள். ஊர்ப் பெயர் போடவில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கட்டையான, கறுத்த, தோள் அகன்ற மனிதர் உள்ளே வந்தார்.

"ஆர் வேணும்?" என்றாள் ஜெயந்தி, நிமிராமலே.

"ஆளைத் தெரியேல்லையோ பிள்ளை? நேற்றுத்தானே படம் போட்டனியள்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றது.

"பயப்பிடாதையும். வெளியில சைக்கிள் நிக்குது. பேய் சைக்கிளில வாறேல்லை."

நானும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்து, தலையைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மகள் வதனிக்கு இருபத்தொன்பது வயது. ஐப்பசி முதல் கிழமையில் கலியாணம். சண்டை நடக்கும் ஊருக்கு வராமல் மாப்பிள்ளை கனடாவிலிருந்து திருச்சிக்கு வருகிறார், இவர்கள் இங்கிருந்து போகிறார்கள். மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. எல்லாம் தாய்தான். அந்தத் தாய் வியாழன் இரவு எங்கள் அறிவித்தலைப் பார்த்துவிட்டார். பெண்ணின் தகப்பன் செத்தால் ஒரு வருடத்துக்குக் கலியாணம் இல்லை. நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"நீங்கள் எடுத்துக் கதைக்கலாமே?" என்றேன்.

"கதைச்சுப் பாத்தனான். ஆரோ ஒராள் என்ர பேரில கதைக்குது எண்டு போனை வைச்சுப்போட்டா. அவவும் நானும் ஒருக்காலும் கதைச்சதில்லை, ஐயா. என்ர குரல் அவவுக்குத் தெரியாது. எல்லாம் அவவின்ர தம்பி, நிலாவெளியில இருக்கிற இராசதுரைதான் பேசி முடிச்சது."

"அப்ப இராசதுரை சொல்லலாமே, நீங்கள் உயிரோட இருக்கிறியள் எண்டு."

"சொல்லுறான். இண்டைக்கு விடியவும் சொன்னவன். நீங்களும் ஒண்டு எழுதிப் போட்டால் அவ நம்பிப்போடுவா. இது தவறிச்செண்டால் இன்னொண்டு பொருந்தாது, ஐயா. இவளின்ர தமையனை ரெண்டு வருசத்துக்கு முந்தி வெள்ளை வான் ஒண்டு வந்து ஏத்திக்கொண்டு போனது. ஒரு சேதியும் இல்லை. இவளையாவது இங்கயிருந்து அனுப்பிவிடவேணும்."

ரீச்சர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயந்தி அழத் தொடங்கினாள்.

"ஆர் செய்தது எண்டு நான் கேட்கப் போறதில்லை," என்றார் ரீச்சர். "அறிவித்தலுக்குக் கீழ என்ர பெயர்தான் இருக்குது. சிவபாலன், எழுதுங்கோ."

எழுதினேன். 'எமது இணையத்தளத்தில் வெளியான அறிவித்தல் தொடர்பாக, சல்லியைச் சேர்ந்த திரு. க. நடராசா அவர்களின் குடும்பத்தினருக்கு எமது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' பதினாறு சொல். தாளில் அடித்து ரீச்சரிடம் கொடுத்தேன். அடிமட்டம் இறங்கியது. சரி என்றார். ஜெயந்தி பழைய அறிவித்தலில் எழுத்தை மட்டும் அழித்துவிட்டு இதைப் போட்டாள். பின்னேரம் 3.05. படம் அப்படியே. கறுப்புக் கரையும் அப்படியே.

சனிக்கிழமை காலை அதே சைக்கிள்.

"ஐயா," என்றார் நடராசா, "நேற்றுவரைக்கும் கொஞ்சம்தான் செத்திருந்தனான். இண்டைக்கு முழுக்கச் செத்துப்போனன்."

கனடாவில் அந்த அம்மா இராசதுரையிடம் கேட்டாராம்: "சங்கமே குடும்பத்துக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிச்சிருக்கு. படம்கூடப் போட்டிருக்கு. நீ பேசின கலியாணம் குழம்பக்கூடாதெண்டு எனக்குப் பொய் சொல்லுறாய், என்ன?"

நான் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கறுப்புக் கரைக்குள் மனிதரின் படம். கீழே 'ஆழ்ந்த வருத்தம்'. எங்கள் மொழியில் பிழைக்கும் வருந்துகிறோம், சாவுக்கும் வருந்துகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். முப்பது வருடமாக அந்தச் சொல்லை இரண்டு வகைக் கடிதத்திலும் எழுதி வந்தவன் நான். ஒரு நாளும் யோசித்ததில்லை, ஏனென்றால் கடிதம் என்றால் அது எந்தக் கடிதம் என்று பிரிக்கிறவருக்குத் தெரியும். இங்கே படம்தான் முதலில் பேசியது.

"அடிமட்டம் வைச்சு வாசிச்சம்," என்றார் ரீச்சர் மெல்ல. "தாளில படம் இருக்கேல்லை."

படத்தையும் கறுப்புக் கரையையும் உடனே எடுக்கச் சொன்னார். முழுவதையும் அழித்துவிடுவோமா என்று கேட்டேன். "வேண்டாம். அழிச்சால் ஒளிக்கிறம் எண்டு நினைப்பினம். எழுத்து நிக்கட்டும். சரியானதை எழுதி, அதுக்குமேல போடுவம். அதுக்கு முதல் நேர போய் அந்த வீட்டில கேட்கவேணும். கேட்காமல் எழுதினதாலதான் இப்பிடி ஆனது."

ஞாயிற்றுக்கிழமை ஒரு முச்சக்கரவண்டி பிடித்துச் சல்லிக்குப் போனோம். சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து ஏறினோம். அம்மன் கோயிலைத் தாண்ட, வலையில் பரப்பிய கருவாட்டு மணம். நடராசாவின் வீட்டு முற்றத்தில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் ஏற்கெனவே போட்டிருந்தன. அவருடைய மனைவி புவனம் கதவடியில் நின்றார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே மகள் நின்றது நிழலாகத் தெரிந்தது.

நடராசா இரண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். என் கை தானாகவே வேண்டாம் என்று அசைந்தது.

"ஏன் ஐயா? செத்தவீட்டில தண்ணி குடிக்கிறேல்லையோ?"

ரீச்சர் தன் செம்பை எடுத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு வைத்தார். பிறகு நானும் குடித்தேன். சீனி வருத்தக்காரன், காலையிலேயே அளவுக்கு மேல் தண்ணீர் குடித்திருந்தேன். அதையும் குடித்தேன்.

வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஒன்றைச் சொன்னேன். "அண்ணை, ஒரு வழி இருக்கு. இண்டைய பேப்பரைக் கையில பிடிச்சபடி ஒரு படம் எடுப்பம். திகதி தெரியும். அதைப் போட்டால் ஒருத்தரும் சந்தேகப்பட ஏலாது."

புவனம் அப்போதுதான் வாய் திறந்தார்.

"பேப்பரோடயோ? கடத்தின ஆக்களைத்தான் அப்பிடிப் படம் எடுத்து அனுப்புறவை. அப்பிடி ஒரு படம் வராதோ எண்டு ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், என்ர பிள்ளையின்ர. நீங்கள் இந்த மனுசனை வைச்சு எடுக்கப்போறியளோ? அவனுக்கு மரணச் சான்றிதழ் தாறம், கையெழுத்து வையுங்கோ எண்டு கந்தோரில கேட்டவை. வைக்கேல்லை. அந்த 'அமரர்' எண்ட சொல்லை இந்த வீட்டில ஆருக்கும் எழுத நான் விடேல்லை. நீங்கள் என்னைக் கேளாமல் எழுதிப்போட்டியள்."

ரீச்சர் கதிரையிலிருந்து எழும்பினார். புவனத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"பிழை எங்கட, அம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவ்வளவுதான். நான் இன்னும் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்: கணினி, ஒரே பெயர், வேலைப் பளு. ஒன்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. எண்ணாமல் விட்ட மிகச் சில நேரங்களில் அது ஒன்று. கடைசியில் புவனம், "கதிரையில இருங்கோ ரீச்சர், வெயில்," என்றார்.

மகள் வதனி வெளியே வந்து செம்புகளை எடுத்தாள். "எனக்கு அந்த மாமியில கோவம் இல்லை," என்றாள் ரீச்சரிடம். "அப்பாவுக்காகத் தலை முழுகி அழுதவவாம். இராசதுரை மாமா சொன்னவர்." நான் அதைக் கேட்டேன், ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புறப்படும் நேரம் நான் எழும்பிப் பேசாமல் வாசல் படலையை நோக்கி நடந்தேன். பின்னால் புவனத்தின் குரல்: "பாத்தியளோ, போயிட்டு வாறன் எண்டு சொல்லாமல் போறார். இன்னும் செத்தவீடுதான் இவருக்கு."

படலையைப் பிடித்தபடி திரும்பினேன். "போயிட்டு வாறன் அம்மா," என்றேன். "போயிட்டு வாறன்," என்று இன்னொரு தரமும் சொன்னேன். நடராசா சிரித்துவிட்டார். "ஒருக்காச் சொன்னால் காணும் ஐயா. ரெண்டு தரம் வந்தால் சோறு காணாது."

திங்கட்கிழமை காலை எழுத உட்கார்ந்தேன். இந்த முறை 'வருந்துகிறோம்' இல்லை. முதல் வரி: 'திரு. க. நடராசா உயிருடன் நலமாக இருக்கிறார்.' நல்ல வரி என்று நினைத்தேன். ரீச்சர் கணினித் திரையிலேயே அடிமட்டத்தை வைத்தார். அந்த வரியோடு நின்றுவிட்டார்.

"இதை ஓர்ஸ் ஹில் வீட்டில வாசிச்சால்?"

கனகசபை நடராசாவும் க. நடராசாதான். அவர் இறந்து ஆறாம் நாள். அவருடைய சகோதரி லண்டனில். 'உயிருடன் இருக்கிறார்' என்று அவர் வாசித்தால்? உயிரோடு இருக்கிறவருக்காக நான்கு நாள் ஓடித் திரிந்தோம். உண்மையாகவே இறந்தவருக்கு அன்று வரைக்கும் ஒரு சரியான அறிவித்தல் போடவில்லை. எனக்கு ஒரு தரமாவது நினைவு வரவில்லை.

அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். கனகசபை நடராசாவின் மனைவி கதை முழுவதையும் கேட்டார். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, சல்லி ஆள் உயிரோட இருக்கிறதைச் சொல்லுறதுக்காகத்தான் என்ர மனுசன் செத்ததைச் சொல்லப்போறியளோ?"

"இல்லை அம்மா. அது தனி. இது தனி."

"முதல் என்ர மனுசனைப் போடுங்கோ. முழுப் பெயரும், ஊரும், அவரின்ர படமும். பிறகு மற்றவரை எழுப்புங்கோ."

அவரே அலுமாரியைத் திறந்து ஒரு படம் எடுத்துத் தந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். தண்ணீர் தரவில்லை, பேசாமல் எழும்பி வந்தேன். அங்கே அதுதான் சரி.

அவர் சொன்ன ஒழுங்கிலேயே செய்தோம். முதலில் அமரர் கனகசபை நடராசா, தனிப் பக்கத்தில். ஒரு மணித்தியாலம் விட்டு, முன்பக்கத்தில், முந்திய அறிவித்தல் இருந்த அதே அளவில், கரை ஏதும் இல்லாமல்: 'சல்லியைச் சேர்ந்த திரு. கந்தையா நடராசா நலமாக இருக்கிறார். அவர் இறந்துவிட்டதாக நாங்கள் 20ஆம் திகதி வெளியிட்டது பிழை. அவருடைய படத்தைப் போட்டது எங்கள் கவனக்குறைவு. அதன்பின் நாங்கள் எழுதிய திருத்தமும் தெளிவில்லாமல் இருந்தது. அவரிடமும் அவருடைய மனைவி, மகளிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.' முப்பத்தொரு சொல். ஒவ்வொரு வரிக்கும் அடிமட்டம் இறங்கியது. இது போதும் என்று நான் நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை இராசதுரை நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தார். தமக்கை வாசித்துவிட்டார், நம்பியும்விட்டார். ஆனால் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கிறார் இல்லை. கேட்டால், பிறகு பாப்பம் என்கிறார்.

"நம்பினால் பிறகென்ன?" என்றேன்.

"அதுதான் ஐயா எனக்கும் விளங்கேல்லை. பெடியன் தாயின்ர சொல்லைத் தட்டமாட்டான். அவன்ர வேலையிடத்தில லீவுக்குக் கையெழுத்து வைக்கிற கடைசி நாள் வெள்ளிக்கிழமை."

புதன் காலை ஏழு மணிக்கு, அங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை, நானும் நடராசாவும் கடைத்தெருவில் ஒரு தொலைபேசிக் கடைக்குப் போனோம். கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு பேர் நிற்க இடம் காணாது; அவருடைய தோள் என் நெஞ்சில். மேலே சிவப்பு எழுத்தில் நிமிடங்கள் ஓடின. நிமிடத்துக்கு முப்பத்தெட்டு ரூபா.

"நீர் ஆர் கதைக்கிறது?"

"சங்கத்தில இருந்து அம்மா. அந்த அறிவித்தல் போட்ட கந்தோர்."

"எந்த அறிவித்தல்? செத்ததோ, வருந்தினதோ, எழும்பினதோ?"

"மூண்டுக்கும் சேத்துத்தான் அம்மா எடுத்தனான்."

அதன்பிறகு அவர் பேசினார். "நான் இஞ்ச தலை முழுகினனான், தெரியுமோ? முகம் காணாத மனுசனுக்காக அழுதனான். கோயிலில இருநூறு சனம் வந்து கையைப் பிடிச்சுத் துக்கம் விசாரிச்சது. வரவேற்புக்கு எடுத்த ஹோலை வேண்டாமெண்டு சொன்னனான். இப்ப அதே சனத்திட்டப் போய், சம்பந்தி சாகேல்லையாம் எண்டு சொல்லட்டோ? என்ன சொல்லுவினம்? பொம்பிளையைப் பிடிக்காமல் இவள் தேப்பனைச் சாக்காட்டிப்போட்டாள் எண்டுதான் சொல்லுவினம். இஞ்ச ஒருத்தி சொல்லிப்போட்டாள்."

'ஆனால் அம்மா, நாங்கள் திருத்தம் போட்டிட்டம்' என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அந்த 'ஆனால்' அடிமட்டத்தில் முட்டி நின்றது. நாங்கள் எல்லோரும் ஒரு கிழமையாக இந்த அம்மாவைத் தடையாகவே பார்த்திருக்கிறோம். நம்ப வைக்கவேண்டிய ஆள். நாங்கள் எழுதியதை நம்பியதைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை. முப்பத்தொரு சொல்லில் அவருக்கு ஒரு சொல் இல்லை.

"உங்களுக்கு நாங்கள் எழுதேல்லை அம்மா," என்றேன். "எழுதியிருக்கவேணும். நம்பினது உங்கட பிழை இல்லை. நம்புறமாதிரி எழுதினது எங்கட பிழை. உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன்."

மறுபக்கம் சத்தம் இல்லை. மேலே நிமிடம் மாறியது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பயந்து, "அம்மா?" என்றேன்.

"இருக்கிறன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "இப்ப சொன்னீரே, அதை எழுதிப் போடும். அடியில சின்னனாப் போடாதையும். நான் கோயிலில காட்டவேணும்."

"இண்டைக்கே போடுறம்."

"அவர் பக்கத்தில நிக்கிறாரோ?"

"ஓம்."

"குடும் போனை."

நடராசா தொலைபேசியை இரண்டு கையாலும் வாங்கினார். "சம்பந்தியம்மா... ஓம், நடராசாதான்... ஓம்... இல்லை இல்லை, அழாதையுங்கோ... ஓம், சாப்பிட்டனான். இடியப்பம்." பிறகு நெடுநேரம் இருவரும் தலைகால் இல்லாத கதை பேசினார்கள்: கடல், விலைவாசி, மாப்பிள்ளைக்குக் கருவாடு பிடிக்குமா. நான் மேலே ஓடுகிற எண்ணைப் பார்த்து வேர்த்துக்கொண்டு நின்றேன். கையைக் காட்டி நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. ஐம்பத்து மூன்று நிமிடம்.

அன்று பத்து மணிக்கு முன்பக்கத்தில் மூன்று வரி கூடியது: 'எங்கள் அறிவித்தலை நம்பித் துக்கம் காத்த உறவினர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். அவர்கள் நம்பியது பிழையில்லை. நம்பும்படி எழுதியது எங்கள் பிழை.' ரீச்சர் அடிமட்டத்தை எடுக்கவேயில்லை. ஒரு தரம் வாசித்துவிட்டு, "போடுங்கோ," என்றார். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை லீவுக்குக் கையெழுத்து வைத்தார். ஐப்பசியில் திருச்சியில் கலியாணம் நடந்தது. புவனம் போகவில்லை. மகன் வந்தால் வீடு பூட்டியிருக்கக் கூடாதாம்.

தொலைபேசி எடுத்துக் கேட்ட பிள்ளைக்கு நான் சொல்வது இவ்வளவுதான். 'புண்பட்டிருப்பின்' என்று எழுதாதே. புண்பட்டவர் யார் என்று உனக்குத் தெரியும். வாழ்த்தைத் தவறவிட்ட பிள்ளை ஒன்று, பெயர் தவறாக வந்த பிள்ளை ஒன்று, அதை நம்பி அந்தப் பிள்ளைக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போன அயலவர் ஒருவரும் இருப்பார். மூன்று வீட்டுக்கும் போ. பிறகு எழுது.

மற்றது, செலவு. வருட முடிவில் கணக்காய்வாளர் வந்தார். என்னுடைய இரண்டு செலவுச் சிட்டையையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சல்லிக்குப் போய்வந்த முச்சக்கரவண்டி அறுநூறு ரூபா. கனடாத் தொலைபேசி இரண்டாயிரத்துப் பதினான்கு ரூபா. இரண்டும் என் கைக்காசில் கொடுத்தது.

"ஐயா, மன்னிப்புக் கேக்கிறதுக்கெண்டு எங்களிட்டச் செலவுத் தலைப்பு இல்லை," என்றார். நல்ல மனிதர், எப்படியாவது தர நினைத்தார். "மரண வீட்டுச் செலவு எண்டு ஒரு தலைப்பு இருக்கு. பிரயாணமும் தொலைபேசியும் அதுக்குள்ள வரும். 'க. நடராசா, சல்லி, மரண வீடு' எண்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வையுங்கோ. இப்பவே பாஸ் பண்ணிறன். கணக்குத்தானே, ஆர் பாக்கப்போகினம்?"

பேனையைத் திறந்தேன். எனக்கு அப்போது வீட்டுக் கூரை ஒழுக்கு, மருந்துச் செலவு, மாத முடிவு. பேனையை மூடிவிட்டு, சிட்டை இரண்டையும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு ரூபா.